தேர்வுத் தரவும் மனப்பான்மை அளவையும்: மென்பொருள் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தான் தயாரித்த வினாத்தாள் எப்படி வேலை செய்தது என்று பார்க்க நினைக்கும் ஆசிரியர், கருத்தளவை ஒன்றை உருவாக்கி அதன் நம்பகத்தன்மையைக் காட்டியாக வேண்டிய எம்.எட்., பிஎச்.டி. மாணவர், உளவியல் படிப்பவர் ஆகியோருக்கான பக்கம் இது. சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு வரை தெரிந்திருந்தால் போதும். மீதியைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

நிரல் எழுதிப் பழக்கமில்லை என்றால் ஜமோவியில் தொடங்குங்கள். இலவசம். மெனுவைச் சொடுக்கி வேலை செய்யலாம், உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஜாஸ்பும் இதே ரகம்தான். இரண்டில் எது என்று வாரக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டையும் நிறுவிப் பார்த்துவிடலாம்.

இந்த வேலை உங்களுக்குத் தொடர்ந்து இருக்கப்போகிறது என்றால், கை பழகியதும் ஆருக்கு மாறிவிடுவது நல்லது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிவைத்த மென்பொருள் அது. 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. அதோடு சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புகள்தான் நமக்கு முக்கியம். வில்லியம் ரெவெல் எழுதிய சைக், வினாப் பகுப்பாய்வுக்கும் நம்பகத்தன்மைக்கும் பெரும்பாலும் போதும். மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் ஐஆர்டி (வினா மறுமொழிக் கோட்பாடு) வகைப் பகுப்பாய்வுக்கு எல்டிஎம், மிர்ட், டாம், ஈஆர்எம் என்று பல உண்டு. எந்தக் கூற்றுகள் எந்தப் பண்பின் (காரணியின்) கீழ் சேர்கின்றன என்று பார்ப்பது காரணிப் பகுப்பாய்வு. முன்பே வகுத்துவைத்த அமைப்பு தரவோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வுக்கு லாவான்.

ஆரின் பெரிய லாபம் வேறொன்று. செய்ததெல்லாம் கட்டளைகளாக ஒரு கோப்பில் இருக்கும். நெறியாளர், "அந்த மூன்று வினாவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டுங்கள்" என்று சொன்னால் ஒரு வரியை மாற்றினால் போதும். மெனுவில் சொடுக்கிச் செய்தவர் எதை எதைத் தேர்ந்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கல்லூரியில் எஸ்பிஎஸ்எஸ் இருக்கிறது. அது போதாதா?

நம்பகத்தன்மை, சாதாரண வினாப் பகுப்பாய்வு, காரணிப் பகுப்பாய்வு வரை போதும். 1968 முதல் இருக்கும் மென்பொருள். சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பதும் எளிது. ஐஆர்டி தேவைப்பட்டால் வேறு மென்பொருளுக்குப் போவதுதான் நேர்வழி. இன்னொன்று, உரிமம் கல்லூரிக் கணினியோடு நின்றுவிடும். படிப்பு முடிந்து வெளியே வந்தபின் பழைய கோப்பைத் திறந்து பார்க்கவும் வழி தேட வேண்டியிருக்கும். அதன் தரவுக் கோப்புகளை ஜமோவியும் ஆரும் படிக்கும் என்பது ஒரு ஆறுதல்.

தரவை எப்படித் தட்டச்சு செய்து வைப்பது?

மற்ற கேள்விகளைவிட இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டியிருக்கிறது. மென்பொருளில் சிக்கல் என்று வருபவர்களில் பெரும்பாலோருடைய சிக்கல் எக்ஸல் கோப்பிலேயே இருக்கிறது.

ஒரு வரிசை ஒரு மாணவர். ஒரு நெடுவரிசை ஒரு வினா. முதல் வரிசையில் மட்டும் தலைப்பு. நடுவில் வகுப்பு வாரியாக வெற்று வரிசை, அடியில் மொத்தம், அழகுக்காக ஒன்றாக இணைத்த கட்டங்கள் எதுவும் வேண்டாம். தேர்வாக இருந்தால் மாணவர் தேர்ந்த விடையை அப்படியே அ, ஆ, இ, ஈ என்றோ 1, 2, 3, 4 என்றோ பதியுங்கள். சரி, தவறு என்று மாற்றுவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நேரடியாக 0, 1 என்று பதிந்துவிட்டால், எந்தத் தவறான விடை எத்தனை பேரை இழுத்தது என்ற தகவல் போனது போனதுதான்.

விடுபட்ட விடைக்கு 99 என்று போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் 99 என்ற மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஐந்து புள்ளி அளவையில் ஒரு கூற்றின் சராசரி 7.4 என்று வந்தால் காரணம் அநேகமாக இதுதான். கட்டத்தை வெறுமையாக விடுவது பாதுகாப்பு. தேர்வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நடுவில் ஒரு வினாவைத் தாண்டிப் போனவரும், நேரம் போதாமல் கடைசி ஆறு வினாவைத் தொடாதவரும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வெவ்வேறு குறி வைத்துக்கொண்டால், எதைத் தவறாகக் கணக்கிடுவது, எதை விட்டுவிடுவது என்று பிறகு முடிவு செய்யலாம்.

கூகுள் படிவத்தில் திரட்டியவர்களுக்கு: முதல் நெடுவரிசையில் நேரக்குறிப்பு இருக்கும், தலைப்புகளில் முழுக் கேள்வியும் இருக்கும், விடைகள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுத்தாகவே வந்து நிற்கும். தலைப்புகளை வி1, வி2 என்று சுருக்கி, விடைகளை எண்ணாக்குங்கள். கேள்விகளின் முழு வடிவத்தைத் தனித் தாளில் வையுங்கள்.

தமிழில் தலைப்பு வைத்த கோப்பை எக்ஸலில் சாதாரண சிஎஸ்வி வகையில் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஆர் 4.2 பதிப்புக்கு முந்தையதை வைத்திருந்தால் தமிழ் எழுத்து படுத்தும், புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள். அப்புறம், பதிவெண்ணை 3-12 என்ற பாணியில் அடித்தால் எக்ஸல் அதைத் தேதியாக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் ஆய்வுத் தரவிலேயே பழகலாமா?

வேண்டாம். விடை தெரிந்த தரவில் பழகுங்கள். சொந்தத் தரவில் ஒரு எண் வந்தால் அது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. ஊரறிந்த தரவில் எண் பிசகினால் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நான் எப்போதும் கைகாட்டுவது எல்சாட் தரவு. அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி. 5 வினா, 1000 பேர். பாக், லீபர்மேன் இருவரும் 1970 இல் பயன்படுத்திய பிறகு ஐஆர்டி கற்பவர் எல்லோர் கையிலும் புரண்ட தரவு இது. எல்டிஎம் தொகுப்பை நிறுவினால் கூடவே வரும். ஓட்டிப் பார்த்தால் சரியாக விடையளித்தோர் விகிதம் வரிசையாக 0.924, 0.709, 0.553, 0.763, 0.870 என்று வர வேண்டும். முதல் வினா மிக எளிது, மூன்றாவது இருப்பதிலேயே கடினம். ஐந்தையும் சரியாக எழுதியவர் 298 பேர், ஐந்தையும் தவறவிட்டவர் 3 பேர்.

வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்ணான ஆல்பா 0.295 என்று வரும். அதைப் பார்த்துவிட்டு ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கோளாறு இல்லை. ஐந்தே வினா, அவையும் பெரும்பாலும் எளியவை என்றால் அவ்வளவுதான் வரும். வினாக்களைக் கூட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு உயரும் என்று சொல்லும் ஸ்பியர்மேன்-பிரவுன் வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இதே தரத்து வினாக்களைக் கொண்டு 0.80 எட்ட ஏறத்தாழ 48 வினா தேவை. வினாக்களின் எண்ணிக்கையை ஆல்பா எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும்.

ஆல்பா 0.43 வருகிறது, கூடவே ஏதோ எச்சரிக்கையும் வருகிறது. என்ன செய்ய?

0.43 என்ற அதே எண்ணை நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம். ரெவெல் தொகுப்புகளோடு 2800 பேர் விடையளித்த 25 ஆளுமைக் கூற்றுகளின் தரவு வருகிறது. பெயர் பிஎஃப்ஐ. அதில் இணக்கம் என்ற பண்பைக் குறிக்கும் முதல் ஐந்து கூற்றுகளை அப்படியே கொடுத்தால் ஆல்பா 0.43. முதல் கூற்று, "மற்றவர் உணர்வுகளைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை" என்கிற மாதிரி எதிர்த்திசையில் அமைந்தது. மற்ற நான்கும் நேர்த்திசை. முதல் கூற்று மற்றவற்றோடு எதிராகப் போகிறது, திருப்ப வேண்டியிருக்கலாம் என்று சைக் எச்சரிக்கும். திருப்பிவிட்டு ஓட்டினால் 0.70.

திருப்புவது எளிது. ஆறு புள்ளி அளவையில் 7 இலிருந்து மதிப்பைக் கழியுங்கள், ஐந்து புள்ளியில் 6 இலிருந்து. ஜமோவியில் இதற்குத் தனிப் பெட்டியே உண்டு. மென்பொருளே தானாகத் திருப்பிக்கொள்ளும் வசதி சைக்கில் இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எந்தக் கூற்று எதிர்த்திசை என்பது அளவையை எழுதியவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நேர்த்திசையில் எழுதிய கூற்று எதிராகப் போகிறது என்றால் வாசகத்தைப் பார்க்க வேண்டும். 'இல்லாமல் இல்லை' என்பது போன்ற இரட்டை எதிர்மறையில் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள்.

0.90க்கு மேல் வந்துவிட்டால் நல்ல அளவைதானே?

ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலும் 0.90 வரும். "எனக்குக் கணிதம் பிடிக்கும்", "கணிதம் எனக்குப் பிடித்த பாடம்", "கணிதப் பாடத்தை விரும்புகிறேன்" என்று அடுக்கிக்கொண்டே போனால் ஆல்பா உயரும், கணித மனப்பான்மை பற்றி புதிதாக எதுவும் தெரியாது. இரண்டு மூன்று பண்புகள் கலந்த நீண்ட அளவைக்கும் உயர்ந்த ஆல்பா வரலாம். அளவை ஒரே பண்பைத்தான் அளக்கிறது என்பதற்கு ஆல்பா சான்றாகாது. ஆல்பா பற்றிய குரோன்பாக்கின் கட்டுரை வந்தது 1951 இல். அதன் பிறகு வந்த, மெக்டொனால்டின் ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும்படி இப்போது பல ஆய்விதழ்கள் கேட்கின்றன. ஜமோவியில் அது ஒரே ஒரு டிக்.

சரி, தவறு என்று மதிப்பிட்ட தேர்வுக்கு கேஆர்-20 போடுவதா ஆல்பா போடுவதா என்றும் கேட்கிறார்கள். 1937 இல் வந்த கேஆர்-20, 0-1 தரவுக்கான ஆல்பாவேதான். இரண்டும் ஒரே எண்ணைத் தரும், ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனி அட்டவணையாகப் போட வேண்டாம்.

ஒரு வினாவின் பிரித்தறியும் திறன் எதிர்மறையாக வருகிறது. தூக்கிவிடலாமா?

நன்றாக எழுதுவோரையும் திணறுவோரையும் ஒரு வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் பிரித்தறியும் திறன். எதிர்மறை என்றால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். நூறு பேர் எழுதிய தேர்வு என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் எடுக்கிறோம். கெல்லி 1939 இல் சொன்ன, பி.எட். பாடத்தில் இன்றும் உள்ள முறை. பதினேழாவது வினாவுக்கு விடைக்குறிப்பு 'ஆ' என்கிறது. மேல்குழுவில் 'ஆ' எழுதியவர் 4 பேர், கீழ்க்குழுவில் 11 பேர். மேல்குழுவில் 20 பேர் 'இ' எழுதியிருக்கிறார்கள். இப்படி இருந்தால் வினாவில் குறையில்லை, விடைக்குறிப்பில்தான் பிழை. திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அந்த வினா உங்கள் தேர்விலேயே நல்ல வினாவாக மாறலாம். மேல்குழு நான்கு விடைகளிலும் சிதறிக் கிடந்தால்தான் வினாவில் சிக்கல்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் விடையை எழுத்தாகவே பதியச் சொன்னேன்.

ஒட்டுறவாகப் பார்ப்பவர்கள், அந்த வினாவையும் சேர்த்த மொத்தத்தோடு பார்க்காமல், அதை நீக்கிய மீதி மொத்தத்தோடு பாருங்கள். பத்து வினாத் தேர்வில் இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் வரும். மென்பொருள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் ஆசை வரும்.

ஐஆர்டி, ராஷ் என்கிறார்களே, எனக்குத் தேவையா?

வகுப்புத் தேர்வு ஒன்றை அலச மட்டும் என்றால் தேவையில்லை. வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே அளவில் வைக்க வேண்டும், வினா வங்கி உருவாக்க வேண்டும், ஒரு வினா ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் தேவை.

டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960 இல் முன்வைத்த மாடல் மிக எளிமையானது. மாணவரின் திறனும் வினாவின் கடினமும் ஒரே அளவுகோலில் உட்காரும். இரண்டும் சமம் என்றால் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்த அளவுகோலின் அலகுக்கு லாஜிட் என்று பெயர். திறன் ஒரு லாஜிட் கூடுதல் என்றால் 73 சதவீதம், இரண்டு லாஜிட் என்றால் 88. இதற்கே உரிய மென்பொருள் வின்ஸ்டெப்ஸ். அது கட்டண மென்பொருள். 25 வினா, 75 பேர் வரை கையாளும் மினிஸ்டெப் என்ற இலவச வடிவம் பழகுவதற்குக் கிடைக்கிறது.

இரண்டு மென்பொருளில் ஓட்டினேன், வினாக்களின் கடினநிலை வேறு வேறாக வருகிறது. எது சரி?

அநேகமாக இரண்டும் சரி. எல்சாட் தரவையே எடுத்துக்கொள்வோம். எல்டிஎம்மில் ராஷ் மாடலை அதன் வழக்கமான அமைப்பில் ஓட்டினால் முதல் வினாவின் கடினநிலை −3.62, மூன்றாவது வினாவுக்கு −0.32. ஈஆர்எம் போல வினாக்களின் சராசரியைப் பூஜ்யமாக வைக்கும் மென்பொருளில் அதே வினாக்களுக்கு −1.26, 1.24. மூன்றாவது வினா ஒன்றில் எதிர்மறை, இன்னொன்றில் நேர்மறை! பார்த்ததும் பதறத்தான் தோன்றும்.

பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம். எல்டிஎம் மாணவர்களின் சராசரித் திறனைப் பூஜ்யமாக வைத்து, அவர்களுடைய திட்டவிலக்கத்தை 1 ஆக்கிக்கொள்கிறது. ஈஆர்எம், வின்ஸ்டெப்ஸ் போன்றவை வினாக்களின் சராசரிக் கடினத்தைப் பூஜ்யமாக்குகின்றன. ஐந்தும் எளிய வினாக்கள் என்பதால் மாணவர் சராசரியிலிருந்து பார்த்தால் எல்லாம் கீழே கிடக்கின்றன. முதல் வினாவுக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எல்டிஎம்மில் 3.30, அதை அது மதிப்பிட்ட பிரித்தறியும் திறனான 0.755 ஆல் பெருக்கினால் சுமார் 2.5. மற்றதில் 1.24க்கும் −1.26க்கும் இடையே 2.5. ஒரே விடைதான், அளவுகோலின் தொடக்கமும் அலகும்தான் மாறியிருக்கின்றன.

மிர்ட்டில் இன்னொரு வேகத்தடை இருக்கிறது. கேட்காவிட்டால் அது கடினநிலையைக் காட்டாது, டி என்ற எண்ணைக் காட்டும். அது வினாவின் எளிமை. கூடக்கூட வினா எளிது. டியைப் பிரித்தறியும் திறனால் வகுத்துக் குறியை மாற்றினால்தான் நாம் தேடும் கடினநிலை. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் 1.702 என்ற பெருக்கெண் வேறு நடுவில் வரும். கையேட்டில் மாடலின் சமன்பாடு அச்சிட்டிருக்கும் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை பேரின் தரவு வேண்டும்?

ராஷ் மாடலுக்கு நூற்றுச் சொச்சம் பேரை வைத்தே உருப்படியாகச் சிலது சொல்லலாம். பிரித்தறியும் திறனும் வினாவுக்கு வினா மாறும் மாடலுக்கு ஐந்நூறு, ஊகத்தையும் கணக்கில் எடுக்கும் மாடலுக்கு ஆயிரம் என்பது பொதுவாகச் சொல்லும் தோராயம். அறுபது பேரை வைத்துக்கொண்டு மூன்றாவதை ஓட்டினாலும் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைத் தரும். அந்த எண் எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழை பக்கத்திலேயே இருக்கும். அதைப் பாருங்கள், உண்மை தெரியும்.

காரணிப் பகுப்பாய்வில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எஸ்பிஎஸ்எஸ் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பதை அப்படியே ஏற்காதீர்கள். முதன்மைக் கூறு முறை, ஐகன் மதிப்பு 1க்கு மேல், பிறகு நாமே தேர்ந்து சேர்க்கும் வேரிமேக்ஸ் சுழற்சி என்ற மூன்றும் சேர்ந்த கூட்டணிக்கு லிட்டில் ஜிஃபி என்று செல்லப்பெயரே உண்டு. நாற்பது கூற்று உள்ள அளவையில் அது பதினோரு காரணி, பன்னிரண்டு காரணி என்று அள்ளிக் கொடுக்கும், அவற்றுக்குப் பெயர் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காரணிகளின் எண்ணிக்கைக்கு, உங்கள் தரவைத் தற்செயல் எண்களாலான தரவோடு ஒப்பிடும், ஹார்ன் 1965 இல் சொன்ன இணைப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள். ஜமோவியிலும் சைக்கிலும் இருக்கிறது. உளவியல் பண்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால், காரணிகளுக்கிடையே தொடர்பை அனுமதிக்கும் சாய்வுச் சுழற்சியே பெரும்பாலும் பொருத்தம்.

பிசா தரவை இறக்கினேன். ஒரே மாணவருக்குக் கணிதத்தில் பத்து மதிப்பெண் இருக்கிறதே?

பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு நடத்தும் பிசா தேர்வின் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றதால் நம் ஆட்களுக்கு அதில் தனி ஆர்வம்.

பிசாவில் ஒரு மாணவர் மொத்த வினாக்களில் ஒரு பகுதியைத்தான் எழுதுகிறார். அவர் திறனைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. எந்த வீச்சில் இருக்கும் என்றுதான் சொல்லலாம். அந்த வீச்சிலிருந்து எடுத்த மாதிரி மதிப்புகள் அவை. 2012 வரை ஐந்து, 2015 முதல் பத்து. பத்தையும் சராசரியாக்கி ஒரே மதிப்பெண்ணாக்குவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. செய்யக் கூடாது, மாணவரிடையே உள்ள வேறுபாடு குறைவாகத் தெரியும். ஒவ்வொன்றையும் வைத்துப் பகுப்பாய்வைத் தனித்தனியே ஓட்டிக் கடைசியில் முடிவுகளைச் சேர்க்க வேண்டும். கூடவே, ஒரு மாணவர் எத்தனை பேரின் பிரதிநிதி என்று சொல்லும் மாணவர் எடையும், திட்டப்பிழையைக் கணக்கிட 80 மறுமாதிரி எடைகளும் இருக்கின்றன. கையால் செய்தால் பைத்தியம் பிடிக்கும். ஐஇஏ நிறுவனம் தரும் ஐடிபி அனலைசர் என்ற மென்பொருள் இதைப் பார்த்துக்கொள்ளும். ஆரிலும் இதற்கென்றே தொகுப்புகள் உண்டு.

சாட்ஜிபிடியிடம் கேட்டு ஆர் கட்டளை எழுதலாமா?

எழுதலாம், பிழைச் செய்திக்கு அர்த்தம் கேட்கவும் நல்ல துணை. தொகுப்பில் இல்லாத கட்டளையை இருப்பதுபோலச் சொல்லும் வழக்கமும் அதற்கு உண்டு. அது எழுதித் தந்ததை முதலில் எல்சாட் தரவில் ஓட்டுங்கள். 0.295 வந்தால் உங்கள் தரவுக்குப் போங்கள். மாணவர் பெயரும் பதிவெண்ணும் இருக்கும் கோப்பை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.

ஆய்வேட்டில் என்னவெல்லாம் குறிப்பிட வேண்டும்?

மென்பொருளின் பெயர், பதிப்பு எண், ஆர் என்றால் தொகுப்பின் பெயரும் பதிப்பும், எந்த மாடல், எந்த மதிப்பீட்டு முறை, அளவுகோலின் பூஜ்யம் எங்கே, எத்தனை பேரின் தரவு, விடுபட்டவற்றை என்ன செய்தீர்கள், எந்த வினாக்களை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள். ஆரில் தொகுப்பை எப்படிச் சுட்டுவது என்று கேட்க ஒரு கட்டளையே இருக்கிறது, அது தரும் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் திரையை அப்படியே படம்பிடித்து ஒட்டாமல், தேவையான எண்களை மட்டும் உங்கள் அட்டவணையில் எழுதுங்கள். பின்னிணைப்பில் கட்டளைக் கோப்பைச் சேர்த்துவிட்டால் வைவாவில் பாதிக் கேள்வி குறையும்.